ஒரே பந்தி, ஒரே குடும்பம்... ஏலகிரி அடிவாரத்தில் 100 ஆண்டுகளைக் கடந்த ஒரு விருந்தோம்பல் பாடம்!

ஏலகிரி மலைக்கு வண்டியில் போனவர்களுக்கு அந்த 14 கொண்டை ஊசி வளைவுகள் மறக்காது. வயிறு புரட்டும் அந்த வளைவுகளுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு நல்ல ரசனை இருந்திருக்கிறது. பாரதியார், பாரதிதாசன், திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், கபிலர், ஔவையார் என்று புலவர்கள் ஒரு பக்கம். பாரி, காரி, ஓரி, ஆய், பேகன், நள்ளி, அதியமான் என்று கடையெழு வள்ளல்கள் இன்னொரு பக்கம். வந்தவருக்கு வாரிக் கொடுத்தவர்களும், அதை நன்றியோடு பாடி வைத்தவர்களும் ஒரே மலைப்பாதையில் வரிசையாக நிற்கிறார்கள்.

கொடுப்பதும் நன்றி சொல்வதும் சேர்ந்தே வர வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தவர் வள்ளுவர். திருக்குறளில் 9-வது அதிகாரம் விருந்தோம்பல், 11-வது அதிகாரம் செய்ந்நன்றி அறிதல். இரண்டுக்கும் நடுவில் இனியவை கூறல். 'விருந்து' என்ற சொல்லுக்கே பழைய தமிழில் 'புதுமை' என்றுதான் பொருள். அதாவது, விருந்தாளி என்பவர் மாமனோ மச்சானோ இல்லை. முன்பின் தெரியாமல் வாசலில் வந்து நிற்கும் புதியவர்.

அந்தப் புதியவர் யார், என்ன சாதி, எந்த ஊர், என்ன நிறம் என்று கேட்காமல் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட முடியுமா? இந்தக் கேள்விக்கு ஏலகிரி மலை அடிவாரத்தில் இருக்கும் திருப்பத்தூரில் 1921-லேயே இரண்டு டாக்டர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். அந்த வீட்டின் பெயர் கிறிஸ்துகுல ஆசிரமம்.

பெரியண்ணன், சின்னண்ணன்

ஒருவர் தமிழர். டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். 1882-ல் பிறந்தவர். மருத்துவப் படிப்புக்காகக் கடல் கடந்து பிரிட்டனுக்குப் போனவர். இன்னொருவர் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன். 1891-ல் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் அல்லோவா நகரில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த பெரும் பணக்காரக் குடும்பம் அவருடையது. ஸ்வெட்டர் பின்னுகிறவர்களுக்கு 'பேட்டன்ஸ்' நூல் என்றால் இன்றைக்கும் தெரியும். அந்த நூலோடு சேர்ந்த பெயர்தான் அது.

முதல் உலகப்போர் நடந்த காலத்தில் இருவருக்கும் இங்கிலாந்தில் அறிமுகம் ஏற்பட்டது. அன்றைக்கு இந்தியா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆளும் நாட்டுக்காரர் ஒருவரும், ஆளப்படும் நாட்டுக்காரர் ஒருவரும் நண்பர்களாவது சாதாரண விஷயமில்லை. அந்த நட்பு அங்கேயே முடிந்துபோகவும் இல்லை. இந்தியாவுக்கு வந்து, ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு, ஒரே கூரையின் கீழ் ஒரே மாதிரி வாழ்வது என்று இருவரும் முடிவெடுத்தார்கள்.

அவர்கள் தேர்ந்தெடுத்த ஊர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் திருப்பத்தூர். 'கிறிஸ்துகுலம்' என்றால் கிறிஸ்துவின் குடும்பம். குடும்பம் என்று பெயர் வைத்த பிறகு அங்கே 'துரை' எதற்கு, 'ஐயா' எதற்கு? வயதில் மூத்த ஏசுதாசன் 'பெரியண்ணன்' ஆனார். இளையவரான பேட்டன் 'சின்னண்ணன்' ஆனார். வெள்ளைக்காரரைப் பார்த்தால் 'துரை' என்று எழுந்து நிற்கும் காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், ஒரு தமிழருக்குத் தம்பி முறையாக நின்றார். சுற்றுவட்டார மக்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அந்தப் பெயர்களே அவர்களுக்கு நிலைத்தும்விட்டன.

நாற்காலி கிடைக்காத விருந்தாளி

இது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1910-ம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. அதில் பேச அழைக்கப்பட்ட சில இந்தியர்களில் ஒருவர், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா. அப்போது அவருக்கு 35 வயது. மேடையில் இருந்தவர்களும் எதிரில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஐரோப்பியர்கள், அமெரிக்கர்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். அசரியா நன்றியும் சொன்னார், கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்றையும் சொன்னார்.

மிஷனரிகள் பொருளைத் தந்திருக்கிறார்கள், உடலையே வருத்தி உழைத்திருக்கிறார்கள். ஆனால் இந்திய ஊழியர்களைச் சமமான நண்பர்களாக நடத்துவதில் குறை இருக்கிறது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வேலை பார்த்தும் தங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பாட்டுக்கு அழைக்காத உறவு, என்ன உறவு என்பது அதற்குள் இருந்த கேள்வி. அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது. ஆனாலும் அந்த மாநாட்டில் இன்றுவரை நினைவில் நிற்கும் பேச்சுகளில் ஒன்று அது. அதே அசரியா 1912-ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

தர்மம் செய்வது எளிது. கையை நீட்டினால் போதும். விருந்து கொடுப்பது கடினம். பக்கத்தில் இடம் விட வேண்டும். அசரியா கேட்டது தர்மத்தை இல்லை, அந்த இடத்தைத்தான். 11 ஆண்டுகள் கழித்துத் திருப்பத்தூரில் பெரியண்ணனும் சின்னண்ணனும் செய்தது அதற்கான பதில் போலவே அமைந்துவிட்டது.

சிக்கல் எல்லாம் பந்தியில்தான்!

வெள்ளைக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே பந்தி ஒரு பெரிய பிரச்னையாக இருந்தது.

1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கண்டிப்பான உத்தரவு போட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது. தனித்தனியாக உட்கார்ந்து பழகியவர்கள் சேர்ந்து உட்கார மறுத்தார்கள். பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். 1850-ல் சென்னையில் கூடிய மிஷனரிகள், ஒருவர் சாதியை விட்டுவிட்டார் என்பதற்கு அத்தாட்சியாக, சேர்ந்து சாப்பிடுவதை வைத்தார்கள். ஞானஸ்நானம் வாங்கியாகிவிட்டது, ஜெபமும் தெரியும். ஆனால் அந்த ஆள் சமைத்ததை இந்த ஆள் சாப்பிடுவாரா? உண்மையான பரீட்சை அங்கேதான் இருந்தது.

தேசிய இயக்கத்துக்கும் இதே பரீட்சை வந்தது. 1915-ல் அகமதாபாத்தில் ஆசிரமம் தொடங்கிய காந்தி, ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டார். உடனே நன்கொடை நின்றுபோனது. ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. மூடிவிட வேண்டிய நிலை வந்தபோது ஒரு மில் முதலாளி தானாக முன்வந்து பணம் கொடுத்ததால் ஆசிரமம் தப்பியது.

தமிழ்நாட்டில் நடந்தது இன்னும் பெரிய புயல். வ.வே.சு.ஐயர் 1922-ல் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் தொடங்கினார். நாட்டுப்பற்றோடு பிள்ளைகளை வளர்ப்பதுதான் நோக்கம். ஆனால், அங்கே இரண்டு பிராமண மாணவர்கள் தனியாக உட்கார்ந்து சாப்பிட அனுமதிக்கப்பட்டார்கள். விஷயம் வெளியே வந்தது. காங்கிரஸ் கொடுத்த பணத்தில் நடக்கும் இடத்தில் தனிப்பந்தியா என்று பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள். 1925-ல் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். தமிழ்நாட்டு அரசியலின் திசையை மாற்றிய காரணங்களில் ஒன்று, ஒரு விடுதியின் சாப்பாட்டு இலை!

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் திருப்பத்தூரின் அருமை தெரியும். சேரன்மாதேவியில் பந்திச் சண்டை நடந்த அதே ஆண்டுகளில், கிறிஸ்துகுலத்தில் ஒரு தமிழரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரரும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே வந்தவர்களும் அதே தரையில் உட்கார்ந்தார்கள்.

கதர், மரக்கறி, கோபுரம்

ஆசிரமத்தின் ஏற்பாடுகள் எளிமையானவை. அங்கே சேர்ந்த சகோதரர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை, சம்பளம் வாங்கவில்லை. கதர் உடுத்தினார்கள். உணவு சைவம். சைவம் என்பது வெறும் உடல்நலக் கணக்கு இல்லை. அசைவம் சாப்பிடாத ஒருவர் வாசலுக்கு வந்தாலும் தயங்காமல் உள்ளே வந்து சாப்பிட அது வழி செய்தது. விருந்தாளிக்கு எது சங்கடமோ அதைத் தன் வீட்டிலிருந்தே எடுத்துவிடுவதும் ஒரு விருந்தோம்பல்தானே?

மருத்துவமனைதான் ஆசிரமத்தின் உயிர்நாடி. சுற்றியிருந்த கிராமங்களிலிருந்து ஏழைகள் வந்தார்கள். பேட்டனின் குடும்பச் சொத்து இந்த வேலைகளுக்குச் செலவானது. கம்பளி நூலில் சம்பாதித்த பணம் திருப்பத்தூர் ஏழைகளுக்கு மருந்தாக மாறியது.

ஆசிரம ஜெபாலயத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் குழம்பிவிடுவார்கள். வெள்ளைக்காரர் கட்டும் தேவாலயம் என்றால் கூர்மாடம், கண்ணாடி ஜன்னல், வரிசையாக பெஞ்சு என்றுதானே நினைப்போம்? இங்கே தென்னிந்தியக் கோயில் பாணியில் கோபுரமும் மண்டபமும் எழுந்தன. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். தரையில் முன்வரிசை நாற்காலி என்று ஒன்று கிடையாது. பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே உயரத்தில் உட்காருவார்கள்.

ஏசுதாசன் இந்தச் சிந்தனைகளை 1937-ல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் எழுதிவைத்தார். பழங்கால ஆசிரமங்களையும் இக்கால ஆசிரமங்களையும் ஒப்பிடும் நூல் அது. திருப்பத்தூர் தொடங்கிய பிறகு இந்தியாவின் பல இடங்களில் கிறிஸ்தவ ஆசிரமங்கள் முளைத்தன. ஸ்டான்லி ஜோன்ஸ் 1930-ல் இமயமலை அடிவாரத்தின் சாத் தாலில் தொடங்கிய ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழிவறை சுத்தம் செய்பவருக்கு ஒருநாள் விடுமுறை கொடுத்துவிட்டு, அந்த வேலையை மற்றவர்கள் முறைவைத்துச் செய்வார்கள். நம் தமிழ்நாட்டில் குளித்தலை அருகே 1950-ல் சாந்திவனம் தொடங்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்னோடிகளில் ஒன்று ஏலகிரி அடிவாரத்து வீடு.

விருந்தாளியா, வீட்டுக்காரரா?

சின்னண்ணனுக்கு ஒரு சோதனை 1932-ல் வந்தது. சென்னையில் அந்நியத் துணிக்கடைகளுக்கு முன்னால் மறியல் நடந்த நேரம். கதர் உடையில் அங்கே நின்றிருந்த பேட்டன் மீது போலீஸார் வண்ண நீரைப் பீய்ச்சி அடித்தார்கள். தடியடியும் விழுந்தது. கைதும் செய்தார்கள். தங்கள் நாட்டுக்காரரையே தங்கள் போலீஸ் அடித்த விஷயம் லண்டன் நாடாளுமன்றம் வரை போய்க் கேள்வியாக எழுந்தது. கடைசியில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

அன்று அவர் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கதர் போட்டதால் அடி விழுந்தது. விருந்தாளியாக வந்தவர், வீட்டுக்காரரின் கஷ்டத்திலும் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு வீட்டில் சாப்பிட்டவர் அந்த வீட்டுக்குக் காட்டும் நன்றிக்கு இதைவிடப் பெரிய அடையாளம் வேறு என்ன வேண்டும்?

ஒரு வீட்டின் அறை, ஒரு மருத்துவமனை

இதே பகுதியில் இன்னொரு வீட்டின் கதையும் உண்டு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது தந்தையின் பங்களாவில், ஒரே ஒரு படுக்கையோடுதான். இன்றைக்கு நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் தேடி வரும் சி.எம்.சி மருத்துவமனையின் தொடக்கம் அதுதான். வீட்டில் ஓர் அறையைப் புதியவருக்காகத் திறந்துவிட்டதன் பலன்.

அதே சி.எம்.சி-க்கு 1946-ல் வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். அன்றைக்குத் தொழுநோயாளிகளை பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள், காபிக் கடையில் உட்கார விட மாட்டார்கள். மருத்துவமனைகளே தயங்கின. பிராண்ட், மடங்கிப்போன அவர்களுடைய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். விரல் சரியானால் மட்டும் போதுமா? வேலை வேண்டாமா? சிகிச்சை முடிந்தவர்கள் தங்கி தொழில் கற்றுக்கொள்ள 1951-ல் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே சிறு குடிசைகளோடு 'நவஜீவ நிலையம்' உருவானது. 1955-ல் அருகிலுள்ள கரிகிரியில் தொழுநோய்க்கான தனி மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் வந்தன.

பைபிளில் ஒரு சம்பவம் வரும். இயேசு பத்துத் தொழுநோயாளிகளைக் குணமாக்குகிறார். திரும்பி வந்து நன்றி சொல்கிறவர் ஒரே ஒருவர். அவரும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்தவர். நன்றி சொல்லத் தெரிந்தவர்கள் பத்தில் ஒருவர்தான் என்று மட்டும் அந்தக் கதை சொல்லவில்லை. யாரை நாம் பந்தியில் சேர்க்கவில்லையோ, அவரிடம்தான் அந்த மனம் இருந்தது என்றும் சொல்கிறது.

கைப்பிடி அரிசியும் பூசணிக்காய் ஏலமும்

ஆசிரமத்தில் வாழ எல்லோராலும் முடியாது. ஆனால், எளிய கிறிஸ்தவ வீடுகளில் இதே மனம் சின்னச் சின்ன பழக்கங்களாகத் தங்கியிருக்கிறது.

முதலாவது, சாப்பாட்டுக்கு முன் ஜெபம். அரை நிமிடம்தான். பழைய சோறாக இருந்தாலும், பிரியாணியாக இருந்தாலும் அதே நன்றி. பசியோடு இருக்கும் குழந்தை தட்டின் முன்னால் அந்த அரை நிமிடம் காத்திருக்கப் பழகுகிறது. விதைத்தவர், அறுத்தவர், சமைத்தவர் என்று இந்தத் தட்டுக்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்பது அந்தக் காத்திருப்பில் பதிந்துவிடுகிறது.

இரண்டாவது, கைப்பிடி அரிசி. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைப்பார்கள். நிறைந்ததும் அது சபைக்கோ, இல்லாதவர்களுக்கோ போகும். பணமாகக் கொடுக்க வழியில்லாத வீட்டுப் பெண்ணும் இதில் கொடுப்பவராகிவிடுகிறார். மிசோரமில் இதே பழக்கம் 'பூஃபாய் தாம்' என்ற பெயரில் 1910-ல் தொடங்கியது. அங்கே அது ஒரு திருச்சபையையே தாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பைபிளில் வரும் சாறிபாத் ஊர் விதவையிடம் இருந்ததும் ஒரு கைப்பிடி மாவுதான். பஞ்ச காலத்தில் அதையும் வந்த விருந்தாளியோடு பங்கு போட்டுக்கொண்டவர் அவர்.

மூன்றாவது, அறுப்பின் பண்டிகை. நெல், தேங்காய், பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கோழி என்று வீட்டில் விளைந்ததும் வளர்ந்ததும் தேவாலயத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் எலுமிச்சம்பழம் இங்கே நூறு ரூபாய்க்குப் போகும். சிரிப்பும் கேலியுமாக நடக்கும் அந்த ஏலத்தில் யாரும் லாபக் கணக்குப் பார்ப்பதில்லை.

நான்காவது, டிசம்பர் மாதத்தின் கீத பவனி. நள்ளிரவில் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால் இருபது பேர் நிற்பார்கள். எந்த நேரமானாலும் அவர்களுக்கு ஒரு டீயோ, சுக்குக் காபியோ, கொஞ்சம் முறுக்கோ தயாராக இருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் இது மதம் தாண்டியும் நடக்கிறது. ரம்ஜானுக்கு முஸ்லிம் வீட்டிலிருந்து சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காயும் தூக்குவாளியில் வரும். கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் முறுக்கும் அதே தூக்குவாளியில் திரும்பிப் போகும். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். கொடுக்க எதுவும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள்.

யாருடைய கை வலிக்கிறது?

விருந்தோம்பலைப் புகழும்போது பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. விருந்தாளிக்கு வாங்க வாங்க என்று சொல்பவர் ஒருவர். அடுப்படியில் நிற்பவர் இன்னொருவர்.

ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டார ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பகுதி பெண்கள். விடிகாலையில் சமைத்து வைத்துவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வருகிறார்கள். நாளெல்லாம் மெஷினில் தோல் தைத்த கைக்கு, திடீரென்று நான்கு பேர் சாப்பிட வருகிறார்கள் என்று போன் வந்தால் அது விருந்தா, தண்டனையா?

பைபிளில் மார்த்தாள், மரியாள் என்று இரண்டு சகோதரிகள். இயேசு வீட்டுக்கு வந்தபோது மார்த்தாள் சமையலில் ஓடியாடிக்கொண்டிருக்கிறாள். மரியாள் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்கிறாள். நான் மட்டும் வேலை செய்கிறேனே என்று மார்த்தாள் குறைபடுகிறாள். அவளுக்குக் கிடைத்த பதில், பலவற்றுக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம் என்பது. பிரசங்கங்களில் மார்த்தாளைக் குறை சொல்வதே வழக்கம். ஆனால் அதே வசனத்தை விருந்தாளியின் பக்கத்திலிருந்தும் படிக்கலாம். எனக்காக ஆறு வகை பதார்த்தம் வேண்டாம், நீயும் வந்து உட்கார் என்று விருந்தாளியே சொல்கிறார்.

திருப்பத்தூர் ஆசிரமத்தின் எளிமை இந்த இடத்தில்தான் நமக்கு உதவுகிறது. சாப்பாடு எளிமையாக இருந்தால் யாரையும் எப்போதும் அழைக்கலாம். விருந்து ஆடம்பரமாகும்போது விருந்தாளிகளின் எண்ணிக்கை குறைகிறது. கடன் வாங்கி வைக்கும் விருந்து ஒருமுறையோடு நின்றுவிடும். ரசமும் அப்பளமும் கொண்ட விருந்து ஆண்டு முழுக்க நடக்கும்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

எந்த மதத்தவராக இருந்தாலும் இன்றிரவே தொடங்கக்கூடிய சில விஷயங்கள் இவை.

*ஒரே டம்ளர்:* வீட்டு வேலைக்கு வருபவருக்கும், குப்பை எடுக்க வருபவருக்கும், கூரியர் கொண்டுவரும் தம்பிக்கும் தனி டம்ளர், தனித் தட்டு வைத்திருக்கிறோமா என்று அலமாரியைத் திறந்து பார்க்கலாம். இரட்டைக் குவளை டீக்கடையில் மட்டும் இருப்பதில்லை. நம் சமையலறையின் மூலையிலும் சத்தமில்லாமல் இருக்கலாம்.

*திருப்பி அழைக்க முடியாதவர்:* கல்யாணத்துக்கு மொய் எழுதியவரை அழைப்பது கணக்கு. பதிலுக்கு விருந்து வைக்க முடியாதவரை அழைக்கச் சொன்னார் இயேசு. வேலைக்காகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி, விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளை, தனியாக வாழும் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்று மாதம் ஒருவரையாவது சாப்பிட அழைக்கலாம். வேலூரில் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் வாடகை அறையில் தங்கும் வெளிமாநிலக் குடும்பங்களுக்கு ஒருவேளை வீட்டுச் சாப்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது, மருத்துவமனை வராந்தாவில் காத்திருந்த யாருக்கும் தெரியும்.

*பெயர் சொல்லி நன்றி:* சாப்பிடும் முன், இந்தச் சாப்பாட்டுக்காக இன்று உழைத்த ஒருவரின் பெயரை வீட்டில் ஒவ்வொருவரும் சொல்லலாம். அம்மாவின் பெயர் தினமும் வரும். காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் பெயர்களும் மெள்ள வரத் தொடங்கும். பெயர் தெரியாவிட்டால், அடுத்தமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றும்.

*அடுப்படிப் பங்கு:* விருந்தாளியை அழைத்தவர்தான் பாத்திரமும் கழுவ வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டுப் பாருங்கள். வீட்டில் விருந்து குறையாது, முகச்சுளிப்பு குறையும்.

*ஒரே நேரம், ஒரே பந்தி:* ஆண்கள் முதலில், பெண்கள் கடைசியில் என்ற வரிசையை நிறுத்தலாம். எல்லாவற்றையும் நடுவில் வைத்துவிட்டு, சமைத்தவரும் சேர்ந்து உட்கார்ந்தால், குழம்பின் கடைசிக் கரண்டி அவருக்கு என்ற நிலை மாறும்.

இவற்றில் எதற்கும் பெரிய வீடோ, டைனிங் டேபிளோ தேவையில்லை. கம்பளி ஆலைக் குடும்பத்து வாரிசு ஒருவர் அவையெல்லாம் இருந்த வீட்டை விட்டுவிட்டு, திருப்பத்தூரின் வெறுந்தரையில் வந்து உட்கார்ந்தார். ஒரு தமிழர் அவரைத் 'தம்பி' என்று ஏற்றுக்கொண்டார். ஏசுதாசன் 1969-லும் பேட்டன் 1970-லும் மறைந்தார்கள். ஏறக்குறைய அரைநூற்றாண்டு ஒரே குடும்பமாக வாழ்ந்தவர்கள், ஓர் ஆண்டு இடைவெளியில் விடைபெற்றுக்கொண்டார்கள்.

அடுத்தமுறை ஏலகிரிக்குப் போகிறவர்கள், வள்ளல்களின் பெயர் தாங்கிய வளைவுகளைப் பார்த்த கையோடு, அடிவாரத்துத் திருப்பத்தூரையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தார், பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தார். நம்மிடம் தேரும் இல்லை, போர்வையும் குறைவுதான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் நிச்சயம் இருக்கும்!